ஷிஃப்ட் முடிந்தபின் ஒரு கதை: அயல்மொழி வகுப்புகளில் கதையும் எழுத்தும்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியது 1996இல். முதல் சான்ட்ரோ வெளிவந்தது 1998இல். ஸ்ரீபெரும்புதூருக்கு சாம்சங் 2007இல் வந்தது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் 2010இலும் டைம்லர் 2012இலும் தொடங்கின. யமஹா, அப்போலோ டயர்ஸ், ராயல் என்ஃபீல்டு, ஃபாக்ஸ்கான் என்று வரிசை வல்லம் வடகால் வரை நீண்டுவிட்டது. கால் நூற்றாண்டுக்கும் மேலான இந்தக் காலத்தில் இங்கே உருவானது தொழில் மட்டும் இல்லை, ஒரு புதிய மொழிச்சூழலும்தான். நெடுஞ்சாலையோர ஓட்டல் பலகைகளில் கொரிய எழுத்தைப் பார்த்து இன்று யாரும் வியப்பதில்லை. காய்சென், கெம்பா, போக்கா யோக்கே, கான்பான் போன்ற ஜப்பானியச் சொற்களை ஐடிஐ முடித்துச் சேர்ந்த பையன் சில வாரங்களிலேயே பேசத் தொடங்கிவிடுகிறான். லைனில் அவனுக்கு அடுத்து நிற்பவர் ஒடியாவோ போஜ்பூரியோ பேசுகிறார். லைன் முடிவில் இறங்கும் கார்களில் ஒரு பகுதி மெக்சிகோ, சிலி, பெரு என்று ஸ்பானிஷ் பேசும் நாடுகளுக்குக் கப்பல் ஏறுகிறது.

ஆக, இந்தப் பகுதியில் மொழி படிப்பது பொழுதுபோக்கு இல்லை. ஜப்பான் போக, ஜெர்மனியில் வேலை தேட, கொரிய மேலாளரிடம் நேராகப் பேச, ஏற்றுமதிப் பிரிவில் ஒரு படி மேலே போக என்று ஆளுக்கு ஒரு காரணம் இருக்கிறது. எப்படிப் படிக்கிறார்கள், அந்தப் படிப்பில் கதைக்கும் எழுத்துக்கும் என்ன இடம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வகுப்பு கதையிலிருந்து தொடங்க வேண்டும். எழுத்து, படிப்பவரின் சொந்த வேலைநாளிலிருந்து தொடங்க வேண்டும். இன்று பெரும்பாலும் இரண்டும் நடப்பதில்லை.

நடக்காததற்கு முதல் காரணம் தேர்வுகள். ஜப்பானிய மொழிக்கான ஜேஎல்பிடி தேர்வில், என்5 முதல் என்1 வரை எந்த நிலையிலும், ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டியதில்லை; பேச வேண்டியதும் இல்லை. கேட்டும் படித்தும் விடையைக் குறித்தால் போதும். கொரிய மொழியின் டோபிக் தேர்வில் முதல் இரண்டு நிலைகளுக்குக் கேட்டலும் வாசித்தலும் மட்டுமே. எழுத்து மூன்றாம் நிலையிலிருந்துதான் வருகிறது. ஜப்பானின் குறிப்பிட்ட திறன் பணியாளர் விசாவுக்குப் பெரும்பாலும் என்4 போதும் என்கிறபோது, பயிற்சி மையம் எதைச் சொல்லிக்கொடுக்கும்? சொற்பட்டியல், இலக்கண அட்டவணை, பழைய வினாத்தாள். மையங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கட்டணம் கட்டியவர் சான்றிதழைத்தான் கேட்கிறார். ஆனால் என்4 வாங்கியவர் ஒசாகாவிலிருந்து வரும் வீடியோ அழைப்பில் "நேற்று என்ன நடந்தது?" என்ற எளிய கேள்விக்கு வாயடைத்துப் போகிறார். அவர் படித்த எதிலும் 'நடந்தது' என்ற ஒன்றே இல்லை. ஜெர்மன் மொழிக்கு கோத்தே நிறுவனம் நடத்தும் தேர்வுகளும், ஸ்பானிஷுக்கு செர்வாந்தேஸ் நிறுவனம் வழங்கும் டேலே சான்றிதழும் நான்கு திறன்களையும் சோதிப்பவை. அந்த வகுப்புகளில் எழுத்துக்குக் கொஞ்சம் இடம் கிடைப்பது அதனால்தான்.

கதை சொல்லி மொழி கற்பிக்கும் இன்றைய முறைகளில் மிகவும் பரவியது பிறந்ததே ஒரு ஸ்பானிஷ் வகுப்பில்தான். கலிபோர்னியாவின் சான் ஹொசேயில் உளவியல் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் ஆஷர், 1960களில் ஒன்றைச் சோதித்துப் பார்த்தார். "எழு, நட, கதவைத் திற" என்று ஆசிரியர் அயல்மொழியில் சொல்ல, மாணவர் உடம்பால் செய்துகாட்டுவார். பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. தொடக்கத்தில் இது அற்புதமாக வேலை செய்தது. ஆனால் கட்டளை வாக்கியத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? அதே மாநிலத்தில் பேக்கர்ஸ்ஃபீல்டு ஊரில் ஸ்பானிஷ் ஆசிரியராக இருந்த பிளெய்ன் ரே, மாணவர்கள் சலித்துப்போனதைக் கண்டு கட்டளைகளைக் கதைகளாக மாற்றினார். மொழி பழக்கத்தால் வருவதில்லை, புரிந்த செய்தியால் வருகிறது என்று ஸ்டீபன் கிராஷன் அப்போது வாதாடிக்கொண்டிருந்தார். ரேயின் கதைகளுக்கு அந்த வாதம் முதுகெலும்பானது. 1990களில் டிபிஆர்எஸ் என்ற பெயரில் இந்த முறை அமெரிக்கப் பள்ளிகளெங்கும் பரவியது.

முறை எளிது. ஒரு வகுப்புக்கு மூன்றே மூன்று தொடர்கள். அவற்றின் பொருளை மாணவரின் தாய்மொழியிலேயே பலகையில் எழுதிவிட வேண்டும். பிறகு ஆசிரியர் கதையைச் சொல்வதில்லை, கேட்கிறார். ஒரகடத்தில் அதை இப்படி நடத்தலாம். 'ஆய்' என்றால் இருக்கிறது, 'கியேரே' என்றால் விரும்புகிறது, 'வா' என்றால் போகிறது. ஆசிரியர் தொடங்குகிறார்: "ஆய் உன் கோச்சே ரோஹோ." ஒரு சிவப்புக் கார் இருக்கிறது. கார் சிவப்பா, வெள்ளையா? சிவப்பு. வெள்ளையா? இல்லை, சிவப்பு. "எல் கோச்சே கியேரே இர் அ மெஹிகோ." கார் மெக்சிகோ போக விரும்புகிறது. படப்பை போகவா விரும்புகிறது? இல்லை. யார் மெக்சிகோ போக விரும்புகிறார்? டிரைவரா, காரா? "பெரோ நோ வா." ஆனால் போகவில்லை. ஏன்? இங்கே வகுப்பு திறந்துகொள்கிறது. கப்பல் வரவில்லை என்பார் ஒருவர். புயல் என்பார் இன்னொருவர். கார் அம்மாவை விட்டுவர மாட்டேன் என்கிறது என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். அந்தப் பதிலை ஆசிரியர் பிடித்துக்கொள்ள வேண்டும். காருக்கு அம்மா இருக்கிறாளா? அவள் எங்கே இருக்கிறாள்? அரைமணி நேரத்தில் ஒரே தொடரை நாற்பது ஐம்பது தடவை கேட்டிருப்பார்கள். மனப்பாடம் செய்கிறோம் என்ற எண்ணம் யாருக்கும் வந்திருக்காது. அதன்பின் அந்தக் கதையையே பத்துப் பதினைந்து வரியில் எழுதிப் படிக்கக் கொடுக்க வேண்டும். அடுத்த நாள் ஒவ்வொருவரும் அதில் ஒன்றை மட்டும் மாற்றி எழுதுகிறார்கள்: காருக்குப் பதில் ஒரு டயர், மெக்சிகோவுக்குப் பதில் சிலி. முதல் எழுத்துப் பயிற்சி அவ்வளவுதான். வெற்றுத்தாளை நீட்டி "உன்னைப் பற்றி எழுது" என்று சொன்னால் யார் கையும் நகராது. பாதி எழுதிய கதையை மாற்றச் சொன்னால் எல்லோர் கையும் நகரும்.

தமிழருக்கு ஸ்பானிஷ் கற்பிப்பதில் நாம் வீணடித்துக்கொண்டிருக்கும் ஒரு வசதியை இங்கே சொல்லியாக வேண்டும். நம் வகுப்புகளில் உள்ள ஸ்பானிஷ் பாடநூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசுவோருக்கு எழுதப்பட்டவை. அவர்களுக்குக் கடினமானதைப் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. "எனக்குக் காப்பி பிடிக்கும்" என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதை ஸ்பானிஷும் அதே அமைப்பில் சொல்கிறது: காப்பிதான் எழுவாய், நான் 'எனக்கு'. ஆங்கிலம் பேசுபவர் இதைப் புரிந்துகொள்ளத் திணறுகிறார். நம் வீட்டுக் குழந்தை இதைப் பேசிக்கொண்டே வளர்கிறது. போகிறேன், போகிறாய், போகிறான் என்று வினையின் ஈற்றிலேயே ஆளைக் காட்டிவிட்டு 'நான்', 'நீ' ஆகியவற்றை விட்டுவிடுவதும் இரு மொழிக்கும் பொது. ஜப்பானியத்திலும் கொரியனிலும் தமிழோடு உள்ள ஒற்றுமை இன்னும் அதிகம். வினை கடைசியில் வருவது, உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டுவது, மரியாதை வேறுபாடு எல்லாம் நமக்குப் பழகியவை. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ சொன்னதைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் அமைப்பு ஒத்துப்போவதை மறுப்பவர் இல்லை. அப்படியிருக்க, ஆங்கிலம் வழியாகச் சுற்றிப்போய் ஏன் படிக்க வேண்டும்? ஆங்கிலத்தில் தடுமாறும் டிப்ளமோ மாணவர் "எனக்கு மொழியே வராது" என்று முடிவுகட்டிவிடுகிறார். அவருக்கு வராதது இடையில் நிற்கும் ஆங்கிலம்தான். கதையின் பொருளைத் தமிழில் எழுதிவிட்டு நேராக ஸ்பானிஷுக்குப் போவதை இதனாலேயே வலியுறுத்துகிறேன்.

கதை வேண்டும் என்பதற்கு இலக்கணத்திலேயே ஒரு வலுவான காரணம் இருக்கிறது. ஸ்பானிஷில் இறந்தகாலம் இரண்டு வகை. நடந்து முடிந்ததற்கு ஒன்று. அப்போது நிலவிக்கொண்டிருந்ததற்கு இன்னொன்று. மாணவர்கள் அதிகம் இடறும் இடம் இது. அட்டவணை போட்டு எத்தனை முறை விளக்கினாலும் பிடிபடாது. ஒரு கதை சொன்னால் பிடிபட்டுவிடும். கதையென்றாலே பின்னணியும் நிகழ்ச்சியும்தானே. தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு இதற்கான பாடநூல் ஏற்கெனவே கையில் இருக்கிறது. விபத்து நடக்காமல் நூலிழையில் தப்பியதை எழுதிவைக்கும் நியர் மிஸ் அறிக்கையைச் சொல்கிறேன். ஒரு மாதிரி பாருங்கள்: மதியம் ஷிஃப்ட் மாறிக்கொண்டிருந்தது. கன்வேயர் ஓடிக்கொண்டிருந்தது. தரையில் ஆயில் சிந்திக் கிடந்தது. ஃபோர்க்லிஃப்ட் வளைவில் திரும்பியது. டிரைவர் பிரேக் பிடித்தார். வண்டி சறுக்கி ரேக்கின் அருகே நின்றது. முதல் மூன்றும் ஸ்பானிஷில் ஒரு காலம், அடுத்தவை இன்னொரு காலம். தமிழிலேயே 'கொண்டிருந்தது', 'கிடந்தது' என்பவை ஒரு பக்கமும் 'திரும்பியது', 'பிடித்தார்' என்பவை மறுபக்கமும் நின்று வழிகாட்டுகின்றன. மாணவர் தன் ஷாப்பில் பார்த்த ஒன்றை முதலில் தமிழில் ஆறு வரி எழுதி, பின்னணி வரிகளின்கீழ்க் கோடிட்டு, பிறகு ஸ்பானிஷில் எழுதட்டும். மாதக்கணக்கில் அட்டவணை செய்யாததை இந்த ஆறு வரி செய்யும்.

ஜப்பானியத் தொழிற்சாலைகளில் இதே அறிக்கைக்கு ஹியாரி ஹட்டோ என்று பெயர். காய்சென் (தொடர் மேம்பாடு) தாளில் முன்–பின் என இரண்டு படம் ஒட்டி நடுவில் என்ன செய்தோம் என்று எழுதுவதும் ஒரு கதைதான். ஷிஃப்ட் ஒப்படைப்பு நோட்டும் அப்படியே. படிப்பவர் இவற்றைத் தமிழிலோ உடைந்த ஆங்கிலத்திலோ எப்படியும் எழுதிக்கொண்டிருக்கிறார். வகுப்பு அதைத் தொடாமல் "என் பொழுதுபோக்கு", "என் விடுமுறை" என்று தலைப்புக் கொடுக்கிறது. ஆறு நாள் வேலை, அதில் ஓவர்டைம், ஏழாம் நாள் தூக்கம் என்று வாழ்கிறவர் விடுமுறை பற்றி என்ன எழுதுவார்?

ஜப்பானியருக்குத் தங்களுடையதான ஒரு கதைக்கருவி உண்டு: கமிஷிபாய். மரச்சட்டத்துக்குள் படஅட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொல்வது. 1930களில் தெருத்தெருவாக சைக்கிளில் வந்து, மிட்டாய் விற்றுக் கதை சொன்னவர்கள் இதைப் பரப்பினார்கள். மொழி வகுப்புக்கு இதைவிட மலிவான கருவி கிடையாது. அட்டைப்பெட்டிக்குக் குறைவில்லாத ஊர் இது. ஒரு குழு படம் வரைந்து பின்பக்கம் நான்கு வாக்கியம் எழுதினால், அடுத்த குழு அதைச் சொல்லிக்காட்டலாம். பெனிக்கோ மேசன் என்ற ஆசிரியர் இன்னும் எளிமையாக, கரும்பலகையில் கோட்டுப்படம் போட்டபடியே நாட்டார் கதை சொல்வார். மாணவர் பேச வேண்டியதில்லை, தேர்வும் இல்லை, கேட்டால் போதும். களைத்து வரும் பெரியவர்களுக்கு இந்த முறை மிகவும் உகந்தது என்று நினைக்கிறேன்.

கொரியனில் சிக்கல் வேறு. மேலதிகாரியிடம் ஒரு வினைமுடிவு, நண்பனிடம் வேறொன்று. இதற்கு ஒரே கதையை மூவரிடம் சொல்லும் பயிற்சி நன்கு உதவும். பஸ் பிரேக்டவுனாகித் தாமதமாக வந்ததை மேலாளரிடம் சொல்லுங்கள். அடுத்து ரூமில் இருக்கும் நண்பனிடம். அடுத்து ஊரில் இருக்கும் பாட்டியிடம். மூன்றையும் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணில் தெரியும். 'நீ', 'நீங்க' என்று நாள் முழுக்க அளந்து பேசும் நமக்கு இது புதிய வித்தை இல்லை.

கதை சொல்லிக் கற்பிப்பது கலிபோர்னியாவிலிருந்து இறக்குமதியானதாகத் தோன்றினால், ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலை நினைத்துக்கொள்ளலாம். இராமானுசர் பிறந்த ஊர் இது. அவர் வழிவந்த ஆசாரியர்களின் திருவாய்மொழி உரைகளில், குறிப்பாக நம்பிள்ளையின் பேச்சைக் கேட்டு வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிய 'ஈடு' என்ற உரையில், ஒரு நுட்பமான இடம் வந்ததும் உரை நின்று, இராமானுசரோ பட்டரோ செய்த ஒரு காரியத்தைக் கதையாகச் சொல்லும். கேட்பவர் அதைப் பிடித்துக்கொண்டு நுட்பத்துக்குள் போய்விடுவார். தமிழும் வடமொழியும் கலந்த நடையில் அந்தப் பாடம் நடந்தது.

கதைமுறையை எதிர்த்து எழுந்த வாதங்களில் ஒன்று கனமானது. கனடாவில் ஆங்கிலம் பேசும் குழந்தைகள் பாடங்களைப் பிரெஞ்சில் படிக்கும் பள்ளிகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன், 1985இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஆண்டுக்கணக்காகக் கேட்டுப் புரிந்துகொண்ட பிள்ளைகளும் பேச்சிலும் எழுத்திலும் அடிப்படைப் பிழை விடுகிறார்கள். புரிந்தால் மட்டும் போதாது. சொல்ல முயன்று, சொல்ல வராமல் தடுக்கும் இடத்தைத் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்றார். நான் ஸ்வெய்ன் பக்கம் நிற்கிறேன். கதை கேட்பது வாசல். எழுதாமல் உள்ளே போக முடியாது. ரூத் வைன்ரிப் 1990இல் விளக்கி எழுதிய டிக்டோகிளாஸ் முறை இரண்டையும் இணைக்கிறது. ஒரு சிறு கதையை ஆசிரியர் இயல்பான வேகத்தில் இரண்டு முறை வாசிப்பார். மாணவர் சில சொற்களைக் குறித்துக்கொள்வார். பிறகு மூன்று நான்கு பேராகச் சேர்ந்து முழுக் கதையையும் திரும்பக் கட்டி எழுத வேண்டும். "அவர் 'வந்தார்' என்றாரா, 'வந்துகொண்டிருந்தார்' என்றாரா?" என்று குழுவுக்குள் நடக்கும் சண்டைதான் இலக்கண வகுப்பு. திருத்தும்போது பொருளைக் கெடுக்கும் பிழையை மட்டும் தொட வேண்டும். தாள் முழுக்கச் சிவப்பு மை விழுந்தால் பெரியவர்கள் மறுவாரம் வருவதில்லை.

இதே கேள்வி எதிர்த்திசையிலும் எழுகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தவர்களுக்குத் தமிழே அயல்மொழி. அவர்கள் தமிழைப் படிக்க நாம் என்ன செய்கிறோம்? கேரளம் 2017இல் பெரும்பாவூரில் 'சங்ஙாதி' என்ற திட்டத்தைத் தொடங்கி, 'ஹமாரி மலையாளம்' என்று அவர்களுக்கென்றே ஒரு பாடநூல் போட்டது. அதே ஆண்டு எர்ணாகுளம் மாவட்டத்தில், பினானிபுரம் அரசுப் பள்ளியில் தொடங்கிய ரோஷ்ணி திட்டம், பிள்ளைகளின் தாய்மொழியையும் வகுப்புக்குள் அனுமதித்து மலையாளத்துக்கு அழைத்துப்போனது. திருவள்ளூர், காஞ்சிபுரம் செங்கல் சூளைகளில் ஒடியாப் பாடநூல்களை வரவழைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முயற்சி இங்கும் நடந்தது, மதிக்கத் தக்கது. ஆனால் பெரியவர்களுக்குத் தமிழ் வகுப்பு என்பதைப் பற்றி நாம் இன்னும் போதிய அக்கறையோடு யோசிக்கவில்லை.

யோசிக்க நமக்கு முன்னோடிகள் உண்டு. பிரேசிலின் அஞ்சிகோஸ் ஊரில் 1963இல் பாவ்லோ பிரேயர் சுமார் 300 தொழிலாளர்களுக்கு எழுத்தறிவித்தார். முதலில் அந்த ஊர் மக்கள் பேசுவதைக் கேட்டு, அவர்கள் வாழ்க்கையை உசுப்பும் சொற்களைத் தேர்ந்தெடுப்பது அவர் வழி. செங்கல் அவர் முறையில் பேர்பெற்ற பாடச்சொற்களில் ஒன்று. அந்தச் சொல்லைப் பற்றிப் பேசி முடித்தபின்தான் அதை அசைகளாகப் பிரித்து எழுதுவார்கள். சூளையில் செங்கல் அறுக்கும், ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து வந்த தொழிலாளிக்கும் அதே சொல்லில் தமிழ் தொடங்கலாம். 1991இல் புதுக்கோட்டையில் வேகம்பிடித்து மாவட்டம் மாவட்டமாகப் பரவிய அறிவொளி இயக்கம் மக்களிடம் கதை கேட்டது. அதில் உழைத்த எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் அந்த அனுபவங்களை 'இருளும் ஒளியும்' நூலில் பதிவுசெய்திருக்கிறார். 2023இல் பள்ளிக்கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறுசிறு கதைநூல்களை வெளியிட்டது. குழந்தைகளுக்காக வந்தவைதான். இருந்தாலும் 'நுழை' நூல்களை ஒரு தொழிலாளர் விடுதியில் வைத்தால் தமிழ் கற்கும் பெரியவரும் எடுத்துப் படிப்பார்.

விடுதி என்றதும் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த பெண்கள் விடுதி நினைவுக்கு வருகிறது. 18,720 பேர் தங்கும் இடம். கம்பெனி பஸ்ஸில் போகவர இரண்டு மூன்று மணி நேரம் செலவழிப்பவருக்கு மாலை வகுப்பு கனவு. விடுதியில் இருப்பவருக்கு வகுப்பு இரண்டு மாடி தள்ளி. அங்கே ஒரு தொடர்கதை நோட்டு வைக்கலாம். ஏ ஷிஃப்ட் முடித்து வருபவர்கள் ஐந்து வரி எழுதி வைத்துவிட்டுப் போக, பி ஷிஃப்ட் ஆட்கள் தொடர்வார்கள். எந்த மொழி கற்கிறார்களோ அந்த மொழியில். பல ஆலைகளில் செல்போனை வாசலிலேயே வாங்கிவைத்துவிடுவதால் ஆப்பைவிட நோட்டே நம்பகமானது. பஸ்ஸில் போகிறவருக்கு, வகுப்பில் உருவான கதையை ஆசிரியர் குரலில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பயணமே பாடமாகும்.

ஆசிரியர் பற்றாக்குறை உண்மையானது. கதை கேட்டு நடத்தும் வகுப்புக்கு, அந்த மொழியில் தயங்காமல் பேசுகிறவர் வேண்டும். அப்படிப்பட்டவரை மணிக்கணக்குக் கூலியில் அமர்த்திவிட்டு, கதை எழுதவும் படம் போடவும் ஆகும் நேரத்துக்குச் சம்பளம் தராவிட்டால் அவர் பழைய வினாத்தாளுக்கே திரும்புவார். தயாரிப்பு நேரத்துக்கும் பணம் தருவது முதல் சீர்திருத்தமாக இருக்கட்டும்.

இரண்டாவது இன்னும் முக்கியம். நிறுவனமே வகுப்பு நடத்தும்போது, தொழிலாளி எழுதும் கதை யார் கைக்குப் போகிறது? தரையில் ஆயில் கிடந்தது என்று ஒருவர் ஸ்பானிஷ் பயிற்சிக்காக எழுதியதை மனிதவளப் பிரிவு எடுத்துப் படித்து விசாரணை வைத்தால், அடுத்த வகுப்பில் எல்லோரும் விடுமுறையைப் பற்றி மட்டுமே எழுதுவார்கள். கான்ட்ராக்டிலும் டிரெய்னியாகவும் இருப்பவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் கூடுதல். ஆகவே வகுப்பு தொடங்கும் முன் எழுத்துபூர்வமாக ஓர் உறுதி வேண்டும்: நோட்டு எழுதியவருக்கே சொந்தம், ஆசிரியரைத் தவிர வேறு யாரும் அதைக் கேட்கக்கூடாது, வகுப்பு முடிந்ததும் அவரே வீட்டுக்கு எடுத்துப்போகலாம். ஆபத்து ஏதும் தெரியவந்தால் அதைப் பாதுகாப்புக் குழுவிடம் சொல்வதா வேண்டாமா என்பதையும் எழுதியவரே முடிவுசெய்யட்டும். சொல்ல நினைத்தால் அதை எழுத ஆசிரியர் அவருக்குத் தமிழில் உதவட்டும்.